தகவல் இல்லை என்று எழுதினேன்

மதினி,

நேற்று அடுப்படியில் பேத்தி நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாவு டப்பாவில் செல்போனைச் சாய்த்து வைத்திருந்தாள். கை முழுக்க மீன் என்பதால் புறங்கையால் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, எதிரே யாரோ உட்கார்ந்திருப்பதுபோலப் பேசினாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் ஹஜ்ரத். கடவாப் பல்லுல ஓட்டைய அடைச்சிருக்காங்க. அதுக்கு உள்ள தண்ணி போகாது. என் கடமைக் குளிப்பு கூடுமா, கூடாதா?"

அவ்வளவுதான். மீனை அலசி மஞ்சள் போடுவதற்குள் போன் முனகியது. மார்க்கம் சொல்கிற ஆலிம் ஒருவரின் குரல், இளம் வயதுக் குரல், கனிவாகச் சொன்னது: "கூடும்மா. கழற்ற முடியாத அடைப்புக்குக் குற்றமில்லை." அவள் என் பக்கம் திரும்பி, "கூடுமாம் நன்னிமா" என்று சொல்லிவிட்டு அடுத்த கை மீனை அள்ளினாள்.

எழுந்து பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பொம்பளை தன் மசலாவை, மார்க்கச் சந்தேகத்தை, தன் வாயால் கேட்கிறாள். தன் காதால் பதிலை வாங்குகிறாள். நடுவில் ஆள் இல்லை. எழுதுகிற கை இல்லை. என் கை இல்லை.

அதிலிருந்து உன் ஞாபகம்தான். இந்தக் கடிதத்தை நான் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். நீ போன பிறகு, என் மகன் பள்ளிக்கூடம் போனபோது அவன் சிலேட்டைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. உனக்கு இதைப் படிக்கத் தெரியாது. நமக்குத் தெரிந்த அரபு எழுத்தில் எழுதலாம் என்றால் கை நடுங்குகிறது, புள்ளிகள் இடம் மாறி விழுகின்றன. நீ படிக்க முடியாத எழுத்தில்தான் உனக்கு எழுத வாய்த்திருக்கிறது.

நீயும் நானும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. குர்ஆன் ஓதப் போன வீட்டில் அரபு எழுத்துப் படித்தோம், அந்த எழுத்தை வைத்தே தமிழை எழுதப் படித்தோம். நம் தெருப் பெண்டுகளுக்கு அதுதான் எழுத்து. நீ எழுதினால் கோழி கிளறியதுபோல் இருக்கும். எழுதுகோலை இரண்டு நாள் பிடிப்பாய், மூன்றாம் நாள் அதால் முதுகு சொறிவாய். என் எழுத்து மணி மணியாக இருக்கும். அதனால் பன்னிரண்டு வயதிலேயே தெருவின் மசலாவெல்லாம் என் கைக்கு வந்துவிட்டது.

இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். பெண்கள் பள்ளிவாசல் ஆலிம்சா முன்னால் போய் நின்று கேட்க முடியுமா? மார்க்கச் சந்தேகம் என்று ஒன்று வந்தால் என்னிடம் வந்து காதோடு சொல்வார்கள். நான் தாளில் எழுதி நாலாக மடித்துக் கொடுப்பேன். வாங்கு சொல்கிற மோதினார் அசர் தொழுகைக்கு முன்னால் தெருவில் வருவார். கதவு இடுக்கு வழியாக அவர் கையில் கொடுப்போம். ஆலிம்சா அதே தாளின் பின்பக்கம் பதில் எழுதி அனுப்புவார். மடித்த தாளை இடையில் யாரும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அடுத்தவள் சீலையைத் தூக்கிப் பார்த்ததற்குச் சமம் என்று வைத்திருந்தோம். கேட்கச் சொன்னவளேகூடப் பிரிக்க மாட்டாள்.

என்னென்ன மசலா! தண்ணீர்ப் பானைக்குள் கோழி மூக்கை விட்டால் அந்தத் தண்ணீரில் தொழுகைக்கு ஒளுச் செய்யலாமா? தீட்டு பதினைந்து நாள் தாண்டியும் நிற்காவிட்டால் தொழுவதா, விடுவதா? பால் கொடுக்கிறவள் விட்ட நோன்பை எப்போது பிடிப்பது? கடைசி வீட்டுக்காரி ஒருத்தி, "என் மாப்ள கனவுல வந்து தலாக் சொல்லிட்டாக, செல்லுமா செல்லாதா, கேளுடி" என்று அழுதுகொண்டே வந்தாள். ஆலிம்சா பதில் எழுதியிருந்தார்: "செல்லாது. இரவில் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம்." அவளுக்கு அதைப் படித்துக் காட்டிவிட்டு நீ கிணற்றடியில் உருண்டு உருண்டு சிரித்தாய். அவளைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன மச்சி, நேத்து அரை வயித்துக்குத்தான சாப்பிட்டீக?" என்று கேட்பாய்.

அவர்கள் ஒரு நாழிகை அழுது சொல்வதை நான் இரண்டு வரியில் எழுதிவிடுவேன். யார் யாரை அடித்தது, யார் என்ன சொன்னது எல்லாவற்றையும் வெட்டிவிடுவேன். சுருக்கமாக, சுத்தமாக. ஒருமுறை மோதினார் கதவுக்கு வெளியே நின்று, "எழுதுன கை யாரு கைன்னு ஆலிம்சா கேட்டாக. அளவா எழுதுதாம்" என்றார். எனக்குத் தலை கூரையில் முட்டியது. அன்றிலிருந்து இன்னும் வெட்ட ஆரம்பித்தேன். அந்த மோதினாரே இன்னொரு நாள் ஆலிம்சா சொன்னதாக ஒன்று சொன்னார். "கேட்டதுக்குத்தான் பதில் சொல்ல முடியும். கேக்காம விட்டதுக்கு நான் பொறுப்பில்லை." அது என் காதில் ஏறவில்லை. பாராட்டு மட்டும் ஏறியது.

என் அண்ணனுக்கு, காக்காவுக்கு, உன்னைக் கல்யாணம் முடித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. உனக்குத் தாய் இல்லை. வாப்பா இலங்கையில் வேறு குடும்பமாகிவிட்டார். பெரியம்மா வீட்டில் வளர்ந்தவள் நாலு வீடு தள்ளி எங்கள் வீட்டுக்கு வந்தாய். காக்காவின் பெண்டாட்டி என்பதால் ஊர் முன்னால் உன்னை "மதினி" என்றேன். தனியாக இருந்தால் வாடி, போடிதான். எனக்கும் அந்த வருஷமே முடிந்தது. என் மாப்பிள்ளை பினாங்கில் இருந்தார், நான் உம்மா வீட்டிலேயே இருந்தேன். ஒரே பாயில் கிடந்து பேசுவோம்.

நாடு சுதந்திரமாகி ஐந்தாறு வருஷம் இருக்கும். ஓர் ஐப்பசியில் முதுகுளத்தூர் மிளகாய் மூட்டை ஏற்றிய தோணியில் காக்கா யாழ்ப்பாணக் கரைக்குப் புறப்பட்டார். உனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். புறப்படுகிறவர் அடுப்படியை எட்டிப் பார்த்து, "கொழம்ப மூடி வையி, இந்தா வாரேன்" என்றார். நாலு நாள் பயணத்தை அவர் அப்படித்தான் சொல்வார்.

தோணி போய்ச் சேரவில்லை. அந்த வாரம் அடித்த காற்றில் போயிற்று என்றார்கள். அந்தமானில் ஒதுங்கியிருக்கும் என்றார்கள். கார்த்திகை, மார்கழி, தை, மாசி. உம்மா ஒவ்வொரு வேளையும் காக்காவின் பீங்கான் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

பங்குனியில் சீனி வந்தான். காக்காவோடு அதே தோணியில் போனவன். மன்னார்க் கரையில் மீன்காரர்கள் தூக்கிப்போட்டு, ஒடிந்த காலோடு ஆஸ்பத்திரியில் கிடந்து, காகிதம் இல்லை என்று பிடித்துவைத்து, ஒருவழியாக ஊர் வந்திருந்தான். நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். வாசலில் நின்றான். உம்மா கதவை ஒட்டி இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நீயும் நானும் அவளுக்குப் பின்னால்.

"பாய்மரம் முறிஞ்சு என் காலு மேல விழுந்துருச்சு மாமி. கெடச்சது ஒத்தப் பலகை. ரெண்டு பேரும் புடிச்சோம், தாங்கல. 'ஏலே, உனக்குக் காலு போச்சு, நீ புடிச்சுக்க'ன்னு காக்கா கைய விட்டுட்டாரு. மூணு தரம் தலை தெரிஞ்சுச்சு. கலிமா சொன்னது கேட்டுச்சு. அப்புறம் தெரியல. விடியிற வரைக்கும் கூப்பிட்டேன் மாமி. தெரியல."

நீ என் புஜத்தைப் பிடித்திருந்தாய். உன் நகம் உள்ளே போனது. அந்த வடு இப்போதும் இருக்கிறது, தோல் சுருங்கியதில் கொஞ்சம் கோணிவிட்டது.

உம்மாவின் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "ஏலே சீனி, மய்யித்தப் பாத்தியா?"

"இல்ல மாமி."

"குளிப்பாட்டுனியா? மண்ணு தள்ளுனியா?"

"கடல்ல எங்கன மாமி..."

"அப்ப என் மகன் மவுத்துன்னு சொல்ல நீ யாருலே? பாம்பன் பாலத்துக்கு அடியில எதுத்து நீஞ்சுனவன் அவன். எங்கனயாச்சும் ஏறியிருப்பான். காப்பியக் குடிச்சிட்டுப் போ. இந்தத் தெருவுல இனி இந்தப் பேச்சைப் பேசாத."

அவன் காப்பியைத் தொடவில்லை. நொண்டிக்கொண்டே போனான். அவன் போனதும் நீ ஒன்றே ஒன்று கேட்டாய், என்னிடம், மெதுவாக. "கலிமா சொன்னாகளாமா?" உயிர் போகும்போது நாவில் வர வேண்டிய அந்தச் சொல்லைச் சொன்னாராம் என்றேன். தலையை ஆட்டினாய். நீ நம்பிவிட்டாய். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் உன்னை அழ விடவில்லை உம்மா. வெள்ளை உடுத்தக் கூடாது, புருஷன் போனவள் நாலு மாதம் பத்து நாள் இருக்கிற இத்தா இருக்கக் கூடாது, அவர் பேரில் பாத்திஹா ஓதக் கூடாது. "நீ வெள்ளை உடுத்துனா என் மகனக் கொன்னது நீதான்" என்றாள். கழுத்தில் கல்யாணக் கருகமணியும் பச்சைச் சீலையுமாக நீ மீன் ஆய்ந்தாய், மாவு இடித்தாய், பீங்கானைக் கழுவிக் கவிழ்த்தாய். இருபத்தொரு வயது.

சித்திரையில் ஒரு கல்யாண வீட்டில் அந்தப் பிள்ளை உன் மடியில் தூங்கிப்போயிற்று. உச்சிப்புளிக்காரர் ஒருவரின் மகள். பிரசவத்தில் தாய் போய், ஒன்றரை வயதாகி, கைக்குக் கை மாறிக்கொண்டிருந்த பிள்ளை. யாரிடமும் அடங்காதது உன் மடியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியது. நீ கால் மரத்துப்போயும் அசையவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. பத்து நாளில் அவர் வீட்டிலிருந்து உன் பெரியம்மாவிடம் உன்னைப் பெண் கேட்டு ஆள் வந்தது. மார்க்கப்படி வழியிருந்தால் சொல்லுங்கள், நோன்புப் பெருநாள்வரை பொறுத்திருக்கிறோம் என்று.

அன்று கிணற்றடியில் நீ என்னைப் பிடித்துக்கொண்டாய்.

"எழுதுடி. ஆலிம்சாவுக்கு எழுது."

"உம்மா கொன்னுபோடும்."

"அவுகளுக்கு மகன். எனக்கு? நான் பெண்டாட்டியா, மவுத்தானவக பெண்டாட்டியா, யாரு நான்? அத மட்டும் தெரிஞ்சுக்கிறேன். எழுது."

"சரிடி, எழுதுறேன்."

"நான் சொல்றத அப்படியே எழுது. சீனி சொன்னத எழுது. பலகை, மூணு தரம் தலை தெரிஞ்சது, கலிமா, எல்லாத்தையும் எழுது. நான் அத நம்புறேன்னும் எழுது. உன் புத்தியக் காட்டி வெட்டிப்புடாத."

வெட்டிப்புடாத. சொல்லித்தான் அனுப்பினாய்.

மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு தாளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தெருவில் எதுதான் அவளுக்குத் தெரியாது! திட்டவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிள்ளையைப் பிடிப்பதுபோல மெதுவாகத்தான் பிடித்தாள்.

"உன் காக்கா மவுத்துன்னு உன் கையால எழுதப் போறியா?"

நான் தாளை மடியில் நேராக்கினேன்.

"எழுது. எழுதுற கை எப்படி எழுதுதுன்னு நான் இங்கனயே இருந்து பாக்குறேன்."

மதினி, உம்மாவுக்கு ஓரெழுத்துத் தெரியாது. குர்ஆனைக் காதால் கேட்டு ஓதினவள். நான் அந்தத் தாளில் சீனி சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதியிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது. வாயால் வேறொன்றைப் படித்துக் காட்டியிருக்கலாம். அது எனக்கு அப்போதே தெரியும். உம்மா பயமுறுத்தினாள் என்று இத்தனை வருஷமாக ஊரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் சொல்கிறேன், பயமில்லை. மூன்று தரம் தலை தெரிந்தது என்று எழுத எழுதுகோலைத் தொட்டேன். அதை எழுதினால் நாலாவது தரம் தெரியவில்லை என்று நானே எழுத வேண்டும். எனக்கும் அவர் காக்கா. நான் எழுதாவிட்டால் அவர் எங்கேயோ ஏறியிருப்பார் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. கேட்டால் பைத்தியம் என்பார்கள். தோன்றியது.

சுருக்கமாக, சுத்தமாக எழுதினேன். "ஒரு பெண்ணின் கணவர் கடலில் போய் ஆறு மாதமாகத் தகவல் இல்லை. அவள் வேறு நிக்காஹ் செய்யலாமா?"

நாலாக மடித்தேன். நீ வந்து வாங்கினாய். வழக்கப்படி பிரிக்கவில்லை. நெஞ்சோடு வைத்துக்கொண்டு கதவிடுக்கில் மோதினாருக்காகக் காத்து நின்றாய். உன் முதுகைப் பார்த்துக்கொண்டு உள்ளே நின்றேன். அவர் இருமிக்கொண்டே தெருமுனையில் திரும்புகிறவரை எனக்கு நேரம் இருந்தது. "மதினி, அதக் கொடு, ஒரு வார்த்தை விட்டுப்போச்சு" என்று சொல்ல நேரம் இருந்தது.

எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. நீதான் வாங்கினாய். நின்றபடியே படித்தாய். "கணவர் உயிருடன் இருப்பதாகவே கொள்ளப்படும். அவருடைய மரணமோ தலாக்கோ உறுதியாகத் தெரியும்வரை அந்த நிக்காஹ் நீடிக்கும். பொறுமை செய்யவும்." இரண்டு தரம் படித்தாய். பிறகு தாளைத் திருப்பினாய். என் எழுத்து மணி மணியாக இருந்தது, புரியாமல் போக வழியில்லை.

"இதுல சீனி எங்கடி?"

நான் தாளை வாங்கக் கையை நீட்டினேன்.

"சீனி எங்கடி?"

நீ என்னை "டி" போட்டது அதுதான் கடைசி.

மறுபடி எழுதினேன். நீ கேட்கவில்லை, நானாகவே எழுதினேன், உம்மா குளிக்கப் போன நேரத்தில். இந்தத் தடவை எதையும் வெட்டவில்லை, தாளின் ஓரமெல்லாம் எழுதினேன். பதில் கேள்வியாக வந்தது. "முன்பு தகவலே இல்லை என்று எழுதினீர்கள். இப்போது கண்டவர் உண்டு என்கிறீர்கள். எதை எடுப்பது? கண்டவரை என் முன் அழைத்து வரவும்." சீனியைத் தேடி உன் பெரியம்மா போனாள். அவன் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரத்துக்கு முன்பே கொழும்புக்குப் போய்விட்டான். இந்தக் கடலை இனிப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனானாம். கடல் தாண்டித்தான் போயிருக்கிறான். தெரிந்த கடை விலாசத்துக்கெல்லாம் கடிதம் போட்டோம். ஒன்றுக்கும் பதில் இல்லை.

நோன்புப் பெருநாள் வந்தது. அதற்கு அடுத்த மாதம் உச்சிப்புளிக்காரர் காரங்காட்டுப் பக்கம் பெண் எடுத்தார். நாலு வருஷம் போனால் கோர்ட்டில் மனுப் போடச் சட்டம் இருக்கிறது என்று எந்த வக்கீல் குமாஸ்தாவோ சொன்னதாகப் பின்னால் கேள்விப்பட்டோம். யார் போவது, யார் கூட்டிப்போவது? அதற்குள் அந்தப் பிள்ளை வேறொருத்தியை உம்மா என்று கூப்பிடப் பழகியிருக்கும்.

நீ வீட்டைவிட்டுப் போகவில்லை. என்னோடு பேசாமலும் இருக்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் தேவலை. "நீங்க சாப்பிட்டீகளா?" என்று கேட்டாய். "உங்க துணி காஞ்சுருச்சு" என்றாய். ஒரே வயசுக்காரியை, ஒரே பாயில் கிடந்தவளை, பதினோரு வருஷம் "நீங்க" என்றாய். என் பிள்ளைகளை நீதான் குளிப்பாட்டினாய். அவர்களிடம் வாடா போடா, என்னிடம் நீங்க. ஒருமுறை தாங்க முடியாமல், "என்னைய ரெண்டு அடி அடிச்சிரு மதினி" என்றேன். "அய்யோ, உங்கள ஏன் நான் அடிக்கப் போறேன்?" என்றாய். உனக்கும் கறுவம், தீராக் கோபம், உண்டு. சிரித்துக்கொண்டே இருப்பவள் வைக்கும் கறுவம்.

என் கறுவத்தையும் சொல்லிவிடுகிறேன். உம்மாவை நான் மன்னிக்கவில்லை, அவளைப் புதைத்த கபுருக்கு முன்னால் நின்றும் அதைச் சொல்லிவிட்டேன். "அளவா எழுதுதாம்" என்று வந்து சொன்ன மோதினாரை மன்னிக்கவில்லை. அவர் பேரன் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. ஆலிம்சா பெரிய மனிதர், அவரைக் குறை சொல்லக் கூடாது என்று என் மகன் சொல்கிறான். நான் சொல்வேன். முதல் தாளிலேயே "யாராவது பார்த்தார்களா?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். இரண்டாம் தாளுக்குக் கேட்கத் தெரிந்ததல்லவா? உச்சிப்புளிக்காரரைப் பல வருஷம் கழித்து பஸ்ஸில் பார்த்தேன், பக்கத்தில் பாவாடை தாவணியில் அந்தப் பெண். நியாயமாகப் பார்த்தால் அவர்மேல் ஒரு தவறும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன வருஷம் நம் தெருவிலிருந்து சோறாக்கிக் கொண்டுபோனோம். மண்டபத்தில் ஒரு கொட்டகையில் அங்கிருந்து தப்பி வந்த பெண்களை உட்கார வைத்திருந்தார்கள். நம்மவர்கள், மற்றவர்கள், எல்லாரும். நம்மவர்களில் ஏழெட்டுப் பேர் ஒரே வரிசையில் வெள்ளை உடுத்தி இத்தா இருந்தார்கள். நான் அழுதுவிட்டேன். நீ சோற்றுச் சட்டியைப் பிடித்தபடி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"கொடுத்து வச்சவுக" என்றாய்.

நான் திடுக்கிட்டுப் பார்த்தேன்.

"போயிட்டாகன்னு தெரியுதுல்ல? நாலு மாசம் பத்து நாளு. அழுது முடிச்சு எந்திரிச்சுருவாக."

அதற்கு அடுத்த வருஷம் உனக்குக் காய்ச்சல் வந்தது. பதினெட்டு நாள். முப்பத்திரண்டு வயதில் உடம்பில் எலும்புதான் இருந்தது. கடைசிவரை "உங்களுக்குத்தான் சிரமம்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாய்.

குளிப்பாட்ட வந்தவள் வெளியூர்க்காரி. வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். "இவுகளுக்கு மாப்ள இருக்காகளா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். இல்லை, கலிமா சொல்லிப் போய்விட்டார், பன்னிரண்டு வருஷமாயிற்று, இவள் நம்பினாள் என்று. மூலையிலிருந்து உம்மாதான் சொன்னாள். "இருக்கான்."

உன் கழுத்துக் கருகமணியை நான்தான் கழற்றினேன். கொக்கி துருவேறித் திறக்கவில்லை, நூலை அறுக்க வேண்டியிருந்தது. அறுந்த மணிகளை ஒரு துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். அதில் இரண்டு மணி குறைகிறது, அன்று தண்ணீரோடு போயிருக்கும். தேடவில்லை.

இது பழைய கதை. நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது பேத்தி பின்கட்டுக்கு வந்தாள். "என்ன நன்னிமா, ஒரு மாதிரியா இருக்கீக? நீங்களும் ஏதாச்சும் கேக்கணுமா? கேளுங்க, ஹஜ்ரத் கோவிக்க மாட்டாக." போனை என் கையில் கொடுத்து, எங்கே விரலை வைப்பது என்று காட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

விரலை வைத்தேன். பிறகு சொன்னேன். ஐப்பசியில் தோணி போனது. ஐந்து மாதம் கழித்துக் கூடப் போனவன் வந்தது. ஒற்றைப் பலகை. முறிந்த கால். மூன்று தரம் தலை தெரிந்தது. கலிமா. மாமியார் நம்பவில்லை, அந்தப் பெண் நம்புகிறாள். அவள் மடியில் ஒரு பிள்ளை தூங்கியது. பெருநாள்வரை பொறுத்திருக்கிறார்கள். அவள் யார்? பெண்டாட்டியா, இல்லையா? நீ கிணற்றடியில் எந்த வரிசையில் சொன்னாயோ அதே வரிசையில் சொன்னேன். ஒரு சொல்லை வெட்டவில்லை. நீ எப்படிச் சொன்னாயோ அப்படியே வந்ததால் இன்றைக்கு நடப்பதுபோலவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

அசர் தொழுது முடித்தபோது பதில் வந்தது. அதே கனிவான குரல்.

"நம்பகமான ஒருவர் தான் கண்டதைச் சொல்லி, அந்தப் பெண்ணின் மனமும் அதை உண்மையென்று ஏற்றுக்கொண்டால் போதும்மா. கணவர் இறந்துவிட்டதாகவே அவர் நடந்துகொள்ளலாம். இத்தா என்பது செய்தி வந்த நாளிலிருந்து அல்ல, கணவர் இறந்த நாளிலிருந்து. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது அப்போதே முடிந்துவிட்டது. அந்தச் சகோதரி இனிக் காத்திருக்க வேண்டியதில்லை. அவர் விரும்பினால் நிக்காஹ் செய்துகொள்ளலாம். தாமதிக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள்."

பேத்தி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "யாருக்கு நன்னிமா கேட்டீக? நம்ம தெருவா?"

"நம்ம தெருதான்."

"பாவம். சாப்பிட்டுட்டு மொத வேலையா போயிச் சொல்லிருங்க."

நான் சாப்பிடவில்லை. துணி முடிச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் போனில் இன்னொன்றும் கேட்கலாமா என்று விரலை வைத்து எடுத்தேன். ஒருத்திக்குச் செய்த அநியாயத்தை அவள் போன பிறகு எப்படித் தீர்ப்பது? கேட்க வேண்டியதில்லை, பதில் தெரியும். ஓதின வீட்டில் நீயும் நானும் ஒரே பலகையில் எழுதிப் பாடம் செய்ததுதான். உரியவரிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும். உரியவர் எங்கே? புதைத்த இடத்தில் இப்போது முள்ளுச்செடி. தெருவில் உன்னைத் தெரிந்த ஆள் நான் ஒருத்தி.

சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன். உனக்கு இத்தா அன்றைக்கே முடிந்துவிட்டது, சீனி வாசலில் நின்ற அன்றைக்கே. நீ எழுந்து போயிருக்கலாம்.

இந்தத் தாளை நான் மடிக்கப் போவதில்லை. விரித்தே வைக்கிறேன். உனக்குத் தெரியாத எழுத்துத்தான், என்ன செய்வது! ஆனால் இதில் சீனி இருக்கிறான், மதினி. பார்த்துக்கொள்.